உங்களுக்குத் தெரியுமா? பாக்கெட்டின் தலைமாட்டில் ஒரு காலி இடம்

நீங்கள் அனுப்பும் தரவுக்கு முகவரி கடைசியில்தான் எழுதப்படுகிறது. லினக்ஸ் கர்னலில் முதலில் தரவு பஃபருக்குள் வந்து உட்காரும். அதற்கு முன்னால் டிசிபி ஹெட்டர், அதற்கும் முன்னால் ஐபி ஹெட்டர், எல்லாவற்றுக்கும் முன்னால் ஈதர்நெட் ஹெட்டர். பாக்கெட் வளர்வது பின்னாலிருந்து முன்னால்! இதற்காகத் தலைமாட்டில் விட்டுவைக்கும் இடம்தான் ஹெட்ரூம். அலுவலக முத்திரைக்காகத் தாளின் மேற்பகுதியை விட்டுவிட்டு மனு எழுதுவது போன்ற ஏற்பாடு.

இடம் இருந்தால் ஒரு பாயின்டரைச் சில பைட் நகர்த்தினால் போதும். இல்லையென்றால் புதிய பஃபர் ஒதுக்கி, பழையதில் இருப்பதை நகலெடுத்து, பழையதை விடுவிக்க வேண்டும். 10 கிகாபிட் இணைப்பு நிரம்பி வழியும்போது மிகச் சிறிய பாக்கெட்டுகள் சுமார் 67 நானோ நொடிக்கு ஒன்றாக வரும். அங்கே ஒரு நகல்கூட ஆடம்பரம்.

இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே டிரைவர் ஹெட்டரைத் திணித்தால்? கர்னல் ‘எஸ்கேபி அண்டர் பேனிக்’ என்று அலறி நின்றுவிடும். நினைவகத்தைச் சத்தமில்லாமல் கெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மெய்நிகர் கணினிகளின் விர்ட்ஐஓ நெட்வொர்க் டிரைவர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் தன் பங்குக்கு ஒரு சிறு ஹெட்டர் வைக்கிறது. பழைய வடிவத்தில் 10 பைட், 1.0 தரத்தில் 12. முன்பு இதைத் தனி டிஸ்கிரிப்டரில்தான் தர வேண்டும் என்ற விதி இருந்தது. அது தளர்ந்த பிறகு, ஹெட்ரூம் போதுமானால் டிரைவர் அந்த 12 பைட்டையும் பாக்கெட்டோடு ஒட்டியே எழுதிவிடுகிறது. டிஸ்கிரிப்டர்கள் அடுக்கப்படும் ரிங்கில் ஓர் இடம் மிச்சம்.

கன்டெய்னருக்குள் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1450 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் சுரங்கமான விஎக்ஸ்லான், 1500-இல் 50 பைட்டை எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. ஹெட்ரூமிலும் அதற்கு 50 பைட் வேண்டும்: ஈதர்நெட் 14, ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லான் 8. எண் ஒன்றுதான், கணக்கு வேறு. அந்த 14 பைட், எம்டியுவில் உள்ளே இருக்கும் ஈதர்நெட் ஹெட்டருக்காகக் கழிகிறது. ஹெட்ரூமில் இடம் கேட்பது வெளியே புதிதாகச் சேரும் ஈதர்நெட் ஹெட்டர்.

இதே விஎக்ஸ்லான் ஐபிவி6 மேல் போனால் தேவை 70 பைட். எக்ஸ்86 கணினியில் மெய்நிகர் கணினியின் பாக்கெட்டை வாங்கும் டேப் சாதனம் வழக்கமாக விடுவதோ 64. வெறும் 6 பைட் குறைந்ததற்காக ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புது பஃபர், புது நகல்! பாக்கெட்டை வாங்கும் சாதனத்துக்கு, அது பின்னால் எந்தச் சுரங்கத்துக்குள் நுழையப்போகிறது என்று தெரியாது என்பதே சிக்கல். 2016-இல் வந்த 4.6 கர்னல் இதற்கு அழகான வழி கண்டது. மெய்நிகர் சுவிட்சுகளான பிரிட்ஜும் ஓப்பன் விஸ்விட்சும் தங்களோடு இணைந்த சாதனங்களில் யாருக்கு அதிக இடம் தேவை என்று பார்த்து, டேப் சாதனங்களிடமும், கன்டெய்னர்களை இணைக்கும் வீத் சாதனங்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடும். அவையும் பாக்கெட்டை வாங்கும்போதே அந்த இடத்தை விட்டு வாங்கும். நெட்வொர்க் கோடில் நான் மிகவும் மதிக்கும் மாற்றங்களில் இது ஒன்று. நகலை வேகப்படுத்தப் பார்க்காமல், நகலே வேண்டாம் என்று செய்துவிட்டார்கள்.

பாக்கெட்டை வேகமாகக் கையாளும் நிரல்களைக் கர்னலில் ஏற்ற உதவும் எக்ஸ்டிபி கேட்கும் ஹெட்ரூம் 256 பைட். வீத் சாதனத்தில் எக்ஸ்டிபி நிரலை ஏற்றினால், அந்த 256 இல்லாமல் வரும் பாக்கெட்டை அது புதிய பக்கத்துக்கு நகலெடுத்த பிறகே நிரலிடம் கொடுக்கும். வேகத்துக்காகக் கொண்டுவந்த கருவி சில இடங்களில் வேகத்தைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎஸ்டி யூனிக்ஸ் போன வழி வேறு. அதன் பஃபரான எம்பஃபில் இடம் இல்லையென்றால் முன்னால் இன்னொரு சிறு எம்பஃபைச் சங்கிலியாகக் கோத்துவிடும். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

உங்கள் சர்வரில் இந்தச் சிக்கல் இருக்கிறதா? போக்குவரத்து உச்சத்தில் இருக்கும்போது ‘பெர்ஃப் டாப்’ ஓட்டிப் பாருங்கள். பஃபரைப் புதிதாக ஒதுக்கி நகலெடுக்கும் ‘பிஎஸ்கேபி எக்ஸ்பாண்ட் ஹெட்’ ஃபங்ஷனின் பெயர் பட்டியலின் மேல் வரிசையில் நின்றால், எங்கோ ஒரு சாதனம் போதிய இடம் விடாமல் பாக்கெட்டை வாங்கிக்கொண்டிருக்கக்கூடும்.