நெஞ்சுக்குள் ஒரு கணக்கு – 14: 33 எடுத்தால் கத்தி

ஆஞ்சியோ முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் உறவினர்கள் கேட்பது, "எத்தனை அடைப்பு டாக்டர்?" ஒன்று என்றால் ஸ்டென்ட், மூன்று என்றால் பைபாஸ் என்று நாமாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஆனால் ஒற்றை அடைப்புக்காக நெஞ்சைத் திறந்தவர்கள் உண்டு. மூன்றை வைத்துக்கொண்டு மாத்திரையோடு காலாற நடக்கிறவர்களும் உண்டு.

ஆரம்பத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 1967-இல் கிளீவ்லேண்டில் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் ஒட்டுப்போட்டார். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தபோதும் மாத்திரையா, கத்தியா என்பதே கேள்வி. 1977-இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் பலூனோடு வந்தார். பிறகு ஸ்டென்ட். யாருக்கு எது என்ற வழக்கு அப்போதுதான் தொடங்கியது.

அதைத் தீர்க்க நடந்த பெரிய ஆய்வு 'சின்டாக்ஸ்'. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1,800 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு பைபாஸ். அங்கே பிறந்ததுதான் இன்றும் டாக்டர்கள் போடும் சின்டாக்ஸ் மதிப்பெண். குழாயின் எந்த இடம் என்பதற்கு ஒரு மதிப்பு. பாதிக்கு மேல் அடைத்திருந்தால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், முழுதாக மூடியிருந்தால் ஐந்தால். வலது குழாயின் தொடக்கத்துக்கு மதிப்பு 1. இடப்பக்கத் தாய்க்குழாயான 'லெஃப்ட் மெயின்' என்றால் பெரும்பாலோருக்கு 5. அதே அளவு அடைப்புதான். அங்கே 2, இங்கே 10. இதோடு கிளை பிரியும் இடம், வளைவு, சுண்ணாம்புப் படிவு எல்லாவற்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் ஏறும். பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். இங்கே 33-ஐத் தொட்டால் பைபாஸ் பக்கம் தராசு சாயும். அந்த உயர்ந்த மதிப்பெண்காரர்களில் ஐந்தாண்டுகளுக்குள் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுசிகிச்சை என ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 44%, பைபாஸ் பிரிவில் சுமார் 27%. மதிப்பெண் 22 வரை உள்ளவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம் எளிது. ஸ்டென்ட் இன்றைய அடைப்பை மட்டும் திறக்கிறது. பைபாஸ் குழாயோ அடைப்பைத் தாண்டி, வெகு கீழே போய் இணைகிறது. நாளை அந்த இணைப்புக்கு மேலே புதிதாக ஓர் அடைப்பு வந்தாலும் கீழே உள்ள தசைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை நோயாளிக்கு இது உயிர் விஷயம். அவருக்குக் குழாய் நெடுகக் கொழுப்பு படிகிறது, அடுத்தது எங்கே வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2012-இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில் பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகள்: ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 16.3%, பைபாஸ் பிரிவில் 10.9%. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம்: 2.4-க்கு எதிராக 5.2%. இதையும் நோயாளியிடம் சொல்லத்தான் வேண்டும்.

மதிப்பெண்ணுக்குக் குழாய்தான் தெரியும், ஆள் தெரியாது. வயது, சிறுநீரகம், நுரையீரல், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் எல்லாவற்றையும் சேர்த்து 2013-இல் புதிய கணக்கு வந்தது. ஆனாலும் ஒரே படத்துக்கு இரண்டு டாக்டர்கள் வேறு வேறு எண் போடுவது நடக்கிறது. அதனால்தான் இதயநோய் மருத்துவரும் அறுவை நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து படத்தைப் பார்க்க வேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள்.

நடைமுறையில் நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே வெளியே கையெழுத்து கேட்பார்கள். நெஞ்சுவலி கட்டுக்குள் இருப்பவருக்கு அந்த அவசரம் தேவையில்லை என்பது என் கருத்து. 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், லெஃப்ட் மெயின் அடைப்பு இல்லாத, நிலையான 5,179 பேரில், முதலில் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் உடனே ஆஞ்சியோவுக்குப் போனவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிக்கொண்டு போய் ஓர் அறுவை நிபுணரிடம் காட்டிவிட்டு வரலாம். மாரடைப்போடு வந்தவருக்கு மட்டும் இந்த அவகாசம் கிடையாது. அவருக்கு அடைத்த குழாயை அப்போதே திறந்தாக வேண்டும்.