துப்பாக்கித் தொலைநோக்கியின் உறுதிப்பாடு

துப்பாக்கித் தொலைநோக்கி என்பது புரிகுழல் துப்பாக்கியின் (ரைஃபிள்) மேல் பொருத்தப்படும், குறிபார்க்க உதவும் ஒளியியல் கருவி ஆகும். பெருவிலங்கு வேட்டைப் பயணங்களில் இது பின்னுதைப்பு, அதிர்வு, ஈரம், தூசி ஆகியவற்றுக்கு உள்ளாகிறது. இவற்றைத் தாங்கிக் குறி மாறாதிருக்கும் தன்மையே இதன் உறுதிப்பாடு எனப்படுகிறது. குறி பிறழ்ந்தால் விலங்கு உடனே இறவாமல் காயத்துடன் தப்பக்கூடும். காயமுற்ற ஆப்பிரிக்க எருமை வேட்டைக்காரரையும் வழிகாட்டியையும் தாக்கிக் கொல்லவும் கூடும்.

அமைப்பு

பெரும்பாலான தொலைநோக்கிகளின் உடல் 25.4 மிமீ (1 அங்குலம்) அல்லது 30 மிமீ விட்டமுள்ள அலுமினியக் கலப்புலோகக் குழாய் ஆகும். முன்புறம் பொருளருகு வில்லையும் பின்புறம் கண்ணருகு வில்லையும் உள்ளன. இடையிலுள்ள சிறிய உட்குழாயில், தலைகீழான பிம்பத்தை நிமிர்த்தும் வில்லைகள் அமைந்துள்ளன. உட்குழாயை ஒருபுறம் சுருள்வில்லும் மறுபுறம் சீர்செய் திருகுகளும் அழுத்தி நிறுத்துகின்றன. திருகின் ஒரு சொடுக்கு பொதுவாகக் கால் கோண நிமிடம் ஆகும். இது 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 7 மிமீ இடமாற்றத்தைத் தரும்.

பழுதுக்கான காரணங்கள்

பின்னுதைப்பு: சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. தொலைநோக்கியின் உள்ளுறுப்புகளோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றன. 1912இல் அறிமுகமான .375 ஹாலண்டு & ஹாலண்டு மேக்னம் தோட்டா, 19.4 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 760 மீட்டர் வேகத்தில் செலுத்தவல்லது. உந்த அழிவின்மை விதிப்படி, 4 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி குண்டின் உந்தத்தால் மட்டுமே நொடிக்கு 3.7 மீட்டர் பின்னோக்கு வேகம் பெறும். வெடிவாயுக்கள் இதை மேலும் கூட்டும். மீண்டும் மீண்டும் நிகழும் இவ்வதிர்ச்சியால் சுருள்வில் தளரலாம், குறுக்கிழை அறுபடலாம், வில்லை இடம்பெயரலாம்.

பொருத்திகள்: பழுது எப்போதும் தொலைநோக்கிக்குள் இருப்பதில்லை. 100 மிமீ இடைவெளியில் உள்ள இரு பொருத்து வளையங்களில் ஒன்று 0.1 மிமீ நகர்ந்தாலே, 100 மீட்டர் தொலைவில் குறி 10 செமீ விலகும். தொலைநோக்கியின் எடை கூடக்கூடத் திருகாணிகள் தாங்கவேண்டிய விசையும் கூடும்.

ஈரம்: குழாயினுள் நீராவி இருந்தால், குளிரில் அது வில்லையின் உட்புறத்தில் பனிபோல் படியும். இதைத் தவிர்க்க உட்காற்றை நீக்கி உலர்ந்த நைட்ரசனை நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைக்கின்றனர். அமெரிக்காவின் லியூபோல்டு நிறுவனம் 1947இல் வெளியிட்ட பிளெயின்ஸ்மேன் இம்முறையின் தொடக்ககால எடுத்துக்காட்டு ஆகும். அடைப்பு சிதைந்தால் இக்காப்பு நீங்கிவிடும்.

சோதனையும் முன்னெச்சரிக்கையும்

சதுரச் சோதனையில், திருகுகளை வலம், கீழ், இடம், மேல் எனச் சம அளவு திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சுடுவர். இறுதிக் குண்டு முதற்குண்டின் இடத்திலேயே பட்டால் திருகுகளும் சுருள்வில்லும் நன்னிலையில் உள்ளன எனக் கொள்ளலாம்.

விமானத்திலும் கரடுமுரடான பாதையிலும் கொண்டுசெல்லப்படும்போது குறி மாறக்கூடும். எனவே, முகாமை அடைந்ததும் வேட்டைக்கு முன் இலக்குத்தாளில் சுட்டுச் சரிபார்ப்பது வழக்கம். விரைவில் கழற்றத்தக்க பொருத்திகளையும் குழலின் மேலமைந்த இரும்புக் குறிகாட்டிகளையும் பலர் மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்கின்றனர். தொலைநோக்கி பழுதடைந்தாலும் அருகிலுள்ள விலங்கை அவற்றால் குறிபார்க்க இயலும்.