மடிக்கணனியை ரவுட்டருடன் நீங்களே இணைக்கலாம்

வீட்டில் ஆண்கள் இல்லாத வேளையில் இணையம் நின்றுவிட்டால் எமது பெண்களில் பலர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். மகளின் சூம் வகுப்புத் தொடங்க ஐந்து நிமிடமே இருக்கும். அல்லது கட்டாரிலிருந்து வாப்பா அழைக்கும் நேரமாக இருக்கும். உடனே அயலிலுள்ள ஓர் இளைஞனைக் கூப்பிடுவார்கள். அவனும் வந்து எதையோ அழுத்திச் சரிசெய்துவிட்டு, வீட்டின் கடவுச்சொல்லையும் அறிந்துகொண்டு போவான். இதற்கு அவசியமே இல்லை. சோறு வேகும் நேரத்துக்குள் நீங்களே முடித்துக்கொள்ளக்கூடிய வேலை இது.

பைபர் இழை வழியாகவோ, தொலைபேசிக் கம்பி வழியாகவோ, உள்ளே செருகிய சிம் அட்டை மூலமாகவோ வீட்டுக்கு வரும் ஒரே இணைப்பைப் பல கருவிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே ரவுட்டரின் வேலை. அறபியில் இதனை 'முவஜ்ஜிஹ்' என்பார்கள். உரிய திசைக்குத் திருப்பி அனுப்புவது என்று பொருள். மிகப் பொருத்தமான பெயர். தன்னுடன் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் அது ஓர் இலக்கம் கொடுக்கிறது. மகன் கைத்தொலைபேசியில் கேட்ட படம் உங்கள் மடிக்கணனிக்கு வராமல் அவனிடமே போய்ச் சேர்வது அந்த இலக்கத்தினால்தான்.

ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்து, விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். விண்டோஸ் மடிக்கணனியின் திரையில், வலப்பக்கக் கீழ் மூலையில், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் விசிறி போன்ற அடையாளம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சுற்றியுள்ள வைபைப் பெயர்கள் வரிசையாக வரும். உங்கள் வீட்டுப் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பெயரைத் தெரிவுசெய்து, 'கனெக்ட்' என்பதை அழுத்தி, கடவுச்சொல்லைப் பதியுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பூச்சியமும் 'ஓ' எழுத்தும் வேறு. அநேகர் இடறுவது இங்கேதான். பெயர் ஒன்றுமே வராவிட்டால், விமானப் படமுள்ள பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். "இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லையே" என்பார்கள். இங்கே இருப்பது ஓர் இணைப்பு அல்ல, இரண்டு. மடிக்கணனியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொன்று. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது அறுந்திருக்கலாம். எது பழுது என்று அறிய, கைத்தொலைபேசியின் டேட்டாவை நிறுத்திவிட்டு அதே வைபையில் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் மடிக்கணனியைக் குடைவதில் பயனில்லை. ரவுட்டரின் ப்ளக்கைக் கழற்றி, அரை நிமிடம் கழித்து மீண்டும் செருகுங்கள். அப்படியும் வராவிட்டால் கட்டணம் நிலுவையா, டேட்டா முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகு நிறுவனத்தை அழையுங்கள். பின்புறமுள்ள ஊசித்துளையை மட்டும் குத்திவிடாதீர்கள்; நிறுவனத்தார் பதிந்துவைத்த விபரங்களும் அழிந்துபோகலாம்.

கைத்தொலைபேசியில் வந்து மடிக்கணனியில் மட்டும் வராவிட்டால், அந்த வைபைப் பெயரை 'போகெட்' கொடுத்து நீக்கிவிட்டு மறுபடியும் இணையுங்கள். பழைய மடிக்கணனியாயின் திகதியையும் பாருங்கள். திகதி பிழைத்தால் பல தளங்கள் திறக்க மறுக்கும்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்? மடிக்கணனிக்கு மின்கலம் இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. இதற்கென்றே சிறிய யூபிஎஸ் விற்கிறார்கள். பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. ஆயினும் உங்களுடையதில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

அழகு கெடுகிறது என்று ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் வீடுகளும் உண்டு. பிறகு அறைக்குள் வேகம் இல்லை என்று குறைப்படுவார்கள்! வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வையுங்கள். ஒரே ரவுட்டர் இரு பெயர்கள் காட்டினால், 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைக் கடந்து தூரம் போகும்; 5 கிகாஹேர்ட்ஸ் கிட்ட இருந்தால் வேகம் கூட.

கடவுச்சொற்களும் இரண்டு. ஒன்று வைபையில் சேர்வதற்கு. மற்றது ரவுட்டரின் உள்ளமைப்பைத் திறப்பதற்கு. இரண்டையும் மாற்றுவதே பாதுகாப்பு. ஒட்டிய தாளிலுள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும், பிரவுசரில் பதிந்தால் அந்தப் பக்கம் திறக்கும். அயலவர் கேட்டால் கொடுப்பது உங்கள் விருப்பம். கேளாமல் எடுப்பது பிறர் பொருளை எடுப்பதே. கொடுப்பதானால், 'கெஸ்ட்' என்ற தனி வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால் அதைக் கொடுங்கள். வைபைக் கடவுச்சொல்லை மாற்றியதும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் புதியதை ஒருமுறை பதியவேண்டும். தொலைக்காட்சியை மறந்துவிடாதீர்கள்.