கரண்ட் போன பத்து விநாடியில்: தானியங்கி மாற்று விசை எப்படி வேலை செய்கிறது?

விளக்கக் கட்டுரைக்கு அறிவியல் தலைப்பு வந்துவிட்டால், "ஐயா, வேற தலைப்பு இல்லையா?" என்று கேட்கும் மாணவர்கள் அதிகம். தலைப்பு கடினமானது என்பதைவிட, எதை முதலில் சொல்வது என்று தெரியாததுதான் பெரிய சிக்கல். அதற்குப் பயிற்சியாக ஒரு சிறிய கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் தானியங்கி மாற்று விசை.

ஏன் தேவை?

வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு காத்திருக்கலாம். மருத்துவமனையில் அப்படி முடியுமா? அறுவைச் சிகிச்சை பாதியில் நிற்கும். மின்தூக்கிக்குள் நோயாளி மாட்டிக்கொள்வார். 1996 ஆகஸ்டு 3-ஆம் நாள் தெரெங்கானுவின் பாக்கா மின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு பரவி, தீபகற்ப மலேசியாவே பல மணி நேரம் இருளில் மூழ்கியது. இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் மருத்துவமனைகளில் டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால், ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு கரண்ட் போனதை யாராவது கவனிக்க வேண்டும், ஓடிப்போய் ஜெனரேட்டரை இயக்க வேண்டும், மின்பாதையை மாற்றிவிட வேண்டும். இந்த மூன்று வேலையையும் ஆள் இல்லாமல் தானே செய்வதுதான் தானியங்கி மாற்று விசை. மருத்துவமனையின் உயிர்காக்கும் பிரிவுகளுக்குப் பத்து விநாடிக்குள் மின்சாரம் திரும்ப வேண்டும் என்பது அமெரிக்க விதிமுறை.

படிப்படியாக நடப்பது என்ன?

1. கருவி, வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் இடைவிடாமல் கண்காணிக்கிறது.
2. மின்னழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் உடனே பதறிவிடாது. ஓரிரு விநாடி பொறுத்துப் பார்க்கும். விளக்கு ஒருமுறை சிமிட்டியதற்கெல்லாம் ஜெனரேட்டரை எழுப்பத் தேவையில்லை அல்லவா?
3. தடை உண்மைதான் என்றால், ஜெனரேட்டருக்குக் கட்டளை அனுப்பும்.
4. ஜெனரேட்டர் சரியான வேகத்துக்கு வந்து, மின்னழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் நிலைபெற்ற பிறகே, கட்டடத்தின் மின்பாதையை அதன் பக்கம் மாற்றும்.
5. வெளி மின்சாரம் திரும்பியதும் சில நிமிடங்கள் காத்திருக்கும். மறுபடியும் போகாது என்று உறுதியான பிறகே பழைய பாதைக்கு மாற்றும். ஜெனரேட்டர் சுமையின்றிச் சிறிது நேரம் ஓடி, சூடு தணிந்து நிற்கும்.

இரண்டும் ஏன் சேரக்கூடாது?

இதுதான் கட்டுரையின் உயிர்நாடி. சாதாரண மாற்று விசை முதலில் ஒரு பாதையைத் துண்டித்துவிட்டுத்தான் அடுத்ததை இணைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இணையாதபடி உள்ளே இயந்திரப் பூட்டு இருக்கும். இரண்டு மின்சாரமும் அலை ஒத்துப்போகாமல் மோதினால் ஜெனரேட்டர் சேதமாகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சிலர் சின்ன ஜெனரேட்டரை வாங்கிவந்து, மாற்று விசை இல்லாமல், வீட்டுப் பிளக்கிலேயே நேரடியாகச் செருகிவிடுகிறார்கள். "லைட் எரியுது, அது போதும்" என்று நினைக்கிறார்கள். ஆனால், அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மெயின் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தால் தெருக் கம்பிக்கும் போகும். அங்குள்ள மின்மாற்றி வழக்கமாக 11,000 வோல்ட்டை 400 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. பின்பக்கமிருந்து மின்சாரம் வந்தால் அதே மின்மாற்றி அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். "கரண்ட் இல்லை" என்று நம்பிக் கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிர் போய்விடும். வெள்ளக் காலத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாணவர்கள் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும். மாற்று விசையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும்.

அந்தச் சில விநாடிகள்?

ஜெனரேட்டர் தயாராகும்வரை மின்சாரம் இருக்காது. கணினியும் சுவாசக் கருவியும் அதைத் தாங்குமா? அந்த இடைவெளியை பேட்டரி நிரப்புகிறது. பேட்டரி விநாடிகளையும் நிமிடங்களையும் பார்த்துக்கொள்ளும். ஜெனரேட்டர் மணிக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும். ஜெனரேட்டரை இயக்கவும் ஒரு பேட்டரி வேண்டும். அது செத்திருந்தால் மாற்று விசை கட்டளை அனுப்பியும் பயனில்லை. அதனால்தான் மின்தடை இல்லாத நாளிலும் இவற்றை ஓட்டிச் சோதிக்கிறார்கள்.

எழுதும்போது கவனிக்க

- மின்மாற்றி வேறு, மாற்று விசை வேறு. முன்னது மின்னழுத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்; பின்னது மின்பாதையை மாற்றும்.
- பேச்சில் 'கரண்ட் போச்சு' என்போம். தேர்வுத் தாளில் 'மின்தடை ஏற்பட்டது' என்று எழுதுங்கள்.
- செயல்முறையை விளக்க 'முதலில், அதன்பின், நிலைபெற்றதும், இறுதியில்' போன்ற சொற்கள் உதவும். காரணத்தை விளக்க 'ஏனெனில், ஆகவே, இல்லாவிடில்' ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மின்னழுத்தம் குறைந்தவுடனே கருவி ஏன் ஜெனரேட்டரை இயக்குவதில்லை?
2. வீட்டுப் பிளக்கில் ஜெனரேட்டரை நேரடியாகச் செருகுவது முன்பின் தெரியாத ஒருவரின் உயிரை எப்படிப் பறிக்கும்? உங்கள் சொந்த நடையில் விளக்குக.
3. 'முன்னெச்சரிக்கை' என்னும் கருத்தை மையமாக வைத்து, மாற்று விசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு பத்தி எழுதுக.

இரண்டாவது வினாவை வகுப்பில் வாய்மொழியாகப் பேசவிட்டுப் பிறகு எழுதச் சொன்னால் நல்ல பலன் கிடைக்கும். வாயால் ஒழுங்காகச் சொல்ல முடிந்த மாணவர், தாளிலும் ஒழுங்காக எழுதிவிடுவார்.