ஒரே தீ, இரண்டு பானை: அண்ணன் தம்பி சண்டை எப்படி இயங்குகிறது?

விறகு எரித்த வீடுகளில் பெரிய அடுப்பை ஒட்டி ஒரு சின்ன அடுப்பும் இருக்கும். கொடி அடுப்பு என்பார்கள். விறகு வைக்க அதற்குத் தனி வாய் கிடையாது. பெரிய அடுப்பில் எரியும் தீதான் நடுவே உள்ள துளை வழியாக அங்கே போய்ச் சேரும். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது பக்கத்தில் குழம்பு சுண்டும், அல்லது பால் காயும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு குண்டான் வெந்நீராவது இருக்கும்.

அப்பா துபாயிலோ ரியாத்திலோ கப்பலிலோ லாரியிலோ இருக்க, அம்மா ஒருத்தியே இரண்டு பையன்களைப் பார்த்துக்கொள்ளும் வீடு இந்த அடுப்பைப் போலத்தான் இயங்குகிறது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். 2015-இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாட்டில் இருக்கும் நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ராமநாதபுரத்து ஊர்களுக்குள் போய்ப் பார்த்தால், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை அழைக்க வந்து நிற்பவர்களில் அப்பாக்கள் எவ்வளவு குறைவு என்பது தெரியும். நாமக்கல்லில் வடநாட்டு லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர் வீடும் இதே கதைதான். அந்த வீடுகளில் எல்லாம் ஒரு அம்மா, "எந்நேரமும் அடிச்சுக்கிறானுங்க, நான் வளர்த்த லட்சணம் சரியில்லையோ" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். வளர்ப்பில் குறை இல்லை. தீ ஒன்று, பானை இரண்டு. சண்டை பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

முதலில் தீ எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். பெரிய அடுப்பின் குமிழ்கள்மேல் பானை நன்றாக உட்கார்ந்திருந்தால், அதன் அடியைச் சுட்டது போக மீதி அனல் துளைக்குள் புகுந்து கொடி அடுப்புக்குப் போகும். பெரிய அடுப்பிலிருந்து பானையை இறக்கிவிட்டால் அனல் நேரே மேலே கிளம்பிவிடும், பக்கத்துப் பானை ஆறத் தொடங்கும். இரண்டு பானைக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அனல் என்பது இந்த அடுப்பில் நடக்கவே நடக்காது. அம்மாவின் கவனமும் அப்படித்தான். பாசம் இருவர்மேலும் ஒன்றுதான். ஆனால் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் பெரியவனின் கணக்குப் பாடத்தைப் பார்க்க ஆள் இல்லை. பெரியவனுக்குப் பரீட்சை நடக்கும் வாரத்தில் சின்னவன் கதை சொல்ல வந்தால், "அப்புறம் சொல்லுடா" என்பதுதான் பதில்.

பிள்ளைகளுக்கு இது துல்லியமாகத் தெரியும். கேம்பிரிட்ஜில் ஜூடி டன்னும் கரோல் கெண்ட்ரிக்கும் 40 குடும்பங்களுக்கு நேரில் போய், இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு மூத்தது எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள். அம்மா கைக்குழந்தையோடு இருக்கும் நேரம் பார்த்துத்தான் மூத்தவர்களின் சேட்டை கூடியது. நம் வீட்டில் ரிமோட்டுக்கும் சார்ஜருக்கும் முட்டையில் பெரிய பாதிக்கும் நடக்கிற சண்டைகளை நேரம் குறித்துப் பாருங்கள். அம்மா ஒருவனோடு உட்கார்ந்திருக்கும்போதோ, போனில் இருக்கும்போதோ, களைத்துப்போய்ப் படுத்திருக்கும்போதோதான் அவை அதிகம் மூளும். ரிமோட் வெறும் சாக்கு. தன் பக்கம் அனல் வருகிறதா என்று அவன் தொட்டுப் பார்க்கிறான்.

உயிரியல் அறிஞர் ராபர்ட் ட்ரைவர்ஸ் 1974-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பெற்றவளுக்கு இரண்டு பிள்ளைகளும் சமம். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் தேவைதான் உடன்பிறந்தவன் தேவையைவிடப் பெரிது. ஆகவே அம்மா எவ்வளவு நியாயமாகப் பங்கு போட்டாலும், தன் பங்கு கொஞ்சம் குறைவு என்றுதான் இருவருக்கும் தோன்றும். அந்தத் தோற்றத்தை முழுக்கத் துடைத்தெறிய எந்த அம்மாவாலும் முடியாது. அதற்காக அழுது தீர்க்க வேண்டியதும் இல்லை.

அடுத்தது விறகு. அம்மாவின் தூக்கம், கையில் உள்ள காசு, பக்கத்தில் ஒத்தாசைக்கு ஆள் இவைதான் விறகு. விறகு குறைந்தால் அனல் முதலில் விட்டுப்போவது கொடி அடுப்பைத்தான். ஜெனிஃபர் ஜென்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. பணக் கஷ்டம், தாம்பத்தியக் கசப்பு, ஒற்றையாய் வளர்ப்பது போன்ற நெருக்கடிகள் உள்ள வீடுகளில் பிள்ளைகளுக்குள் பாரபட்சம் கூடுகிறது. அம்மா வேண்டுமென்று செய்வதில்லை. மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சத் தெம்பும் சொன்ன பேச்சை எளிதாகக் கேட்கிற பிள்ளை பக்கமோ, அதிகம் கத்துகிற பிள்ளை பக்கமோ போய்விடுகிறது. அதனால் பையன்கள் சண்டையைக் குறைக்க வேண்டும் என்று கேட்கும் அப்பாவுக்கு நான் முதலில் சொல்வது, பையன்களைப் பற்றியே அல்ல. வாரத்தில் ஒரு மாலையாவது மாமியாரோ சித்தியோ வந்து நின்று, அம்மா இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்க வழி செய்யுங்கள். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் செய்யக்கூடிய வேலை அது.

சரி, அனலைச் சமமாகப் பங்கிட முடியாது என்றால் என்ன செய்வது? அடுப்படியில் நின்றவர்கள் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: பானையை மாற்றி மாற்றி வைப்பது. சோறு கொதி வந்ததும் கொடி அடுப்புக்கு நகரும், குழம்பு பெரிய அடுப்புக்கு வரும். எதற்கு எப்போது அனல் வேண்டுமோ அப்போது அதற்கு. அமண்டா கோவாலும் லாரி கிராமரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் தங்களை வேறுவேறு விதமாக நடத்துவதைப் பிள்ளைகள் பெரும்பாலும் அநியாயமாக நினைக்கவில்லை என்று தெரிந்தது. காரணம் புரிந்திருந்தால் போதும். "தம்பிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரல, அதான் அவன்கூட உட்கார்றேன். எட்டரை மணிக்கு உன்கூட, கதவைச் சாத்திக்கிட்டு" என்று பெரியவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி எட்டரைக்குப் போகவும் வேண்டும். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் தம்பியைப் பற்றிப் பேச்சே வரக் கூடாது.

நடுவில் உள்ள துளையையும் மறந்துவிடக் கூடாது. ஒருவனோடு இருக்கும்போதே மற்றவனுக்குப் போய்ச் சேரும் சின்னச் சின்ன விஷயங்கள் அவை: தோசை வார்த்துக்கொண்டே "உன் படத்துல அந்த யானைக்கு என்ன பேர் வெச்ச?" என்று கேட்பது, கடந்து போகும்போது தலையைத் தடவுவது. அந்தத் துளையைச் சாம்பல் அடைத்துவிடும். சாம்பல் என்றால் ஒப்பீடு. "அண்ணனைப் பார், ஒரு தடவை சொன்னா போதும்" என்று தினமும் கொஞ்சம் விழுந்தாலே போதும், அதன் பிறகு எவ்வளவு அன்பாய்ப் பேசினாலும் அந்தப் பக்கம் போகாது. புகழும்போதும் இதே கவனம் வேண்டும். "நீதான் படிப்பாளி, அவன் விளையாட்டுக்காரன்" என்று ஆளுக்கொரு பட்டம் கொடுத்தால், ஒருவன் புத்தகத்தை மூடிவிடுவான், இன்னொருவன் பந்தைத் தொட மாட்டான்.

இப்போது பெரியவன் விஷயம். அப்பா இல்லாத வீடுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அப்பா அவன் தோளில் கை வைத்து, "இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவையும் தம்பியையும் பார்த்துக்க" என்கிறார். பாசத்தில் சொல்லும் வார்த்தைதான். ஆனால் பதினோரு வயதுப் பையன் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறான். அனல் வேண்டி நிற்கிற பானையையே விறகாக்கி அடுப்புக்குள் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. மறுநாளே தம்பியைப் படிக்கச் சொல்கிறான், டிவியை அணைக்கிறான், கேட்கவில்லை என்றால் தலையில் ஒரு குட்டு வைக்கிறான். "நீ என்ன அப்பாவா?" என்று தம்பி திருப்பிக் கேட்கிறான். இந்தக் கேள்வி கேட்காத வளைகுடா வீடு இருக்காது. சின்னவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பெரியவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பொறுப்பை யார் கொடுத்தார்களோ அவர்கள்தான் திருப்பி வாங்க வேண்டும்.

பெரியவனுக்கு வேலை கொடுக்கலாம், பதவி கொடுக்கக் கூடாது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது, ராத்திரி கேட்டைப் பூட்டுவது, ரேஷன் கடைக்குப் போய் வருவது அவன் வேலையாக இருக்கட்டும். தம்பியைக் கண்டிப்பது அம்மாவின் வேலை. சின்னவனுக்கும் ஒரு வேலை வேண்டும், அதில் அண்ணன் தலையிடவும் கூடாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தாலும் சரி, அது அவனுடையது.

போன் நேரம் தனிக் கதை. சவுதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்கு அப்பா அழைத்தால் இங்கே பத்தரை. பையன்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்கள், ஒரே போனை இருவரும் இழுக்கிறார்கள். யார் கைக்கு முதலில் போகிறதோ அவன் புகார் முதலில் பதிவாகிவிடும். "ஏங்க, பெரியவன் இன்னிக்கு என்ன பண்ணான் தெரியுமா?" என்று அம்மாவும் தொடங்கினால் அந்த அழைப்பு முடிந்தது. அப்பா அங்கிருந்து தீர்ப்புச் சொல்கிறார், பாதிக் கதையைக் கேட்டுவிட்டு. தோற்றவன் அன்றிரவே தம்பியையோ அண்ணனையோ கிள்ளிவிட்டுத்தான் படுப்பான். "அப்பா வரட்டும், சொல்றேன்" என்ற மிரட்டலும் வேண்டாம். வருடத்தில் ஒரு மாதம் வருகிறவரைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்து காத்திருக்கக் கூடாது.

நான் சொல்லும் மாற்று எளிது. ஒரு நாள் பெரியவன், ஒரு நாள் சின்னவன், தனித்தனியாகப் பேசட்டும். தூங்கும் நேரம் தாண்டிவிடும் என்றால் அப்பாவின் மதிய இடைவேளைக்கோ விடுமுறை நாளுக்கோ அழைப்பை மாற்றலாம். அன்று பேசும் பையனிடம் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றை அப்பா கையில் வைத்திருக்க வேண்டும்: போன வாரம் சொன்ன அந்த நாய்க்குட்டி கண் திறந்ததா, புது கிரிக்கெட் மட்டை கைக்குப் பழகியதா. புகார் வந்தால், "அம்மா என்ன சொன்னாங்களோ அதான்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சண்டை மூண்ட அந்த நொடியில் என்ன செய்வது? கனடாவில் ஜூலி ஸ்மித்தும் ஹில்டி ராஸும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தீர்ப்புச் சொல்லாமல் நடுவில் நிற்கப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கத்தக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது என்று முதலில் விதி. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் நடந்ததைச் சொல்லும். மற்றப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லச் சொல்வார்கள். கடைசியில் தீர்வைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகள் ஒருவர் மனதை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், சமரசத்துக்கும் அதிகம் வந்தார்கள். "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. எல்லாச் சண்டைக்கும் இவ்வளவு நேரம் எந்த அம்மாவுக்கும் இருக்காது. தினமும் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு சண்டையை எடுத்து, இருவரும் சாப்பிட்டு முடித்து வயிறு நிறைந்திருக்கும்போது உட்கார வைத்தாலே பலன் தெரியும்.

எப்போதும் ஒருவனே அடிபடுகிறான், அண்ணன் வரும் சத்தம் கேட்டாலே தம்பி ஒளிகிறான், கையில் கிடைத்த கத்தியோ கட்டையோ தூக்குகிறார்கள் என்றால் அது வேறு. அங்கே பொறுமை காட்டக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையை 14416-இல் தமிழிலேயே கூப்பிட்டுப் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கடைசியாக, அப்பா லீவில் வரும் மாதம். பக்கத்திலேயே புதிதாக இன்னொரு அடுப்பு பற்றவைத்தாயிற்று, இரண்டு பானைக்கும் அதன்மேல்தான் ஏற வேண்டும். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதே முதல் சண்டை வரும். ஆகவே யாருக்கு எது என்று பெயர் எழுதிக் கட்டிக் கொண்டுவருவது நல்லது. முதல் வாரம் அப்பா வீட்டு விதி எதையும் மாற்ற வேண்டாம். அம்மா ஒருத்தியாக ஓட்டிய வண்டி, அவளுக்குத்தான் வழி தெரியும். சின்னவனைத் தூக்கிக் கொஞ்சத்தான் கை போகும், போன லீவில் அவன் மழலை. பெரியவன் வளர்ந்துவிட்டான் என்று தள்ளி நிற்பான், கூப்பிட்டால்தான் வருவான். ஆளுக்கு ஒரு நாள் அப்பாவோடு தனியாக வெளியே போய் வரட்டும், சந்தைக்கோ கண்மாய்க்கோ. திரும்பிப் போகும் தேதியை இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் விமானம் ஏறிய பிறகு வரும் ஒரு வாரம் சண்டை இரண்டு மடங்காகும். அந்த வாரத்தில் அம்மாவுக்குத் துணையாக ஆளை இப்போதே வரச் சொல்லி வைக்க வேண்டும்.