சித்திரை வெயிலும் சின்னஞ்சிறு மீன்தொட்டியும்

அயல்நாட்டிலிருந்து விடுப்பில் வந்த அத்தா, பிள்ளைகளின் ஆசைக்கு இணங்கி ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கித் தருகிறார். மார்கழியில் வாங்கிய மீன்கள் மாசி வரை துள்ளி விளையாடுகின்றன. சித்திரை பிறக்கிறது. ஒருநாள் அசர் தொழுகைக்குப் பின் பார்த்தால், மீன்கள் யாவும் நீரின் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசிக்கிறது போலும் என்று எண்ணிய பிள்ளை, இன்னும் ஒரு பிடி தீனியை அள்ளிப் போடுகிறது. மறுநாள் சுபுஹு வேளையில் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதக்கின்றன. பிள்ளை அழுகிறது. உம்மாவுக்கோ என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நம் பகுதி இல்லங்கள் பலவற்றில் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். அந்த மீன்கள் கேட்டது தீனி அன்று, மூச்சு!

அழகுக்காக அன்று, அமானிதமாக

சிறு உயிர்களை வளர்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் எனும் சிறுவர் ஒரு சிட்டுக்குருவியை வளர்த்து வந்ததும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவுடன் விசாரித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அதே நூல்களில்தான், பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளான செய்தியும் இடம்பெற்றுள்ளது.

சற்றே சிந்தியுங்கள். வெயில் ஏறினால் ஆற்று மீன் ஆழத்திற்குப் போகும்; கரையோர நிழலுக்குப் போகும். கண்ணாடிக்குள் நாம் அடைத்த மீன் எங்கே போகும்? அதன் ஆழமும் நிழலும் நம் கையில் அல்லவா இருக்கின்றன! இதற்குப் பெருஞ்செலவு வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பல ஆயிரம் ரூபாய் பெறும் குளிர்விக்கும் கருவி இல்லாமலே, நம் பாட்டிமார் குடிநீரைக் குளிரவைத்த அதே முறையில் தொட்டியையும் குளிரவைக்கலாம்.

மீன் ஏன் திணறுகிறது?

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் மீனின் உடல் இயக்கமோ, பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய இருமடங்கு வேகமடைகிறது. வரவு குறைகிறது, செலவு பெருகுகிறது. இந்நிலையில் உண்ணாமல் எஞ்சிய தீனி அழுகும்போது, இருக்கும் பிராணவாயுவையும் அதுவே தின்றுவிடுகிறது. எனவே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்போது தீனி போடுவது, அறியாமல் செய்யும் கொடுமையாகும்.

முதற்காரியம் இடம்

மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டியை வைக்காதீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர், இஷா வரை அனலைக் கக்கும். வேறு இடமில்லையெனில், சுவருக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, நடுவில் தெர்மோகோல் பலகையைச் செருகுங்கள். பழைய முற்றம் வைத்த வீடானால், வெயில் படாத தாழ்வாரமே சிறந்த இடம். சூடான காற்று மேலே போகுமாதலால், அலமாரியின் உச்சியைவிடத் தாழ்வான மேடை நல்லது.

தொட்டி சிறியதானால் விரைவில் சூடேறும். உருண்டைக் கண்ணாடிக் குடுவை கண்ணுக்கு அழகு, மீனுக்குச் சிறை. அதன் குறுகிய வாய் வழியே காற்றும் போதிய அளவு கலவாது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் சுமார் 50 லிட்டர் நீர் நிற்கும். இதைவிடச் சிறியதை நம் ஊர் வெயிலுக்கு வாங்காதிருப்பதே நலம்.

விளக்கைப் பகலில் அணைத்துவிடுங்கள். நீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார், தான் உண்ணும் மின்சாரம் முழுவதையும் இறுதியில் வெப்பமாக நீருக்கே கொடுத்துவிடும். கோடை மாதங்களில் வெளியே வைக்கும் காற்று பம்பே போதுமானது.

மண்பானையின் பாடம்

மண்பானை நீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேனியில் கசியும் நீர் ஆவியாகும்போது, எஞ்சிய நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, தொட்டி நீரின் வெப்பநிலையை எட்டும் வரை எடுத்துக்கொள்வதோ சுமார் 110 கிலோ கலோரிதான். 50 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரி குறைய 50 கிலோ கலோரி நீங்க வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ பனிக்கட்டியால் குறைவது இரண்டு டிகிரி. அதுவும் சிறிது நேரத்திற்கே! ஆவியாகும் நீரின் ஆற்றல் அதைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேல்.

ஆகவே பனிக்கட்டியை நாடாமல் காற்றை நாடுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாதபடி கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். நீர்மட்டத்தின் மீது சாய்வாக வீசும்படி ஒரு சிறு விசிறியைப் பொருத்துங்கள். பழுதான கணினியிலிருந்து எடுத்த 12 வோல்ட் விசிறியே போதும். அது சுமார் 3 வாட் மின்சாரத்தை உண்ணும். இரவும் பகலும் ஓடினாலும் மாதத்திற்கு இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும். அறையிலிருந்து வெப்பம் மீண்டும் மீண்டும் நீருக்குள் ஏறிக்கொண்டே இருப்பதால், நடைமுறையில் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும் என எதிர்பார்க்கலாம். ஒரு மீன் பிழைப்பதற்கும் இறப்பதற்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் அவ்வளவே.

விசிறி நீரில் விழாதபடி இறுகக் கட்டுவதும், ஈரக் கையால் மின்கம்பியைத் தொடாதிருப்பதும் பிள்ளைகள் உள்ள வீட்டில் கட்டாயம்.

விசிறியும் இல்லையெனில், பருத்தித் துணியொன்றை நனைத்துத் தொட்டியின் பின்புறமும் பக்கங்களிலும் சுற்றி, அதன் கீழ்நுனியை நீர் நிரம்பிய தட்டில் விட்டுவிடுங்கள். துணி நீரை உறிஞ்சியபடியே குளிர்ந்திருக்கும்.

ஒன்றை மறக்கலாகாது. தஞ்சை, வல்லம், ஒரத்தநாடு போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட பிற்பகல் காற்றில் இம்முறை நன்கு பலன் தரும். நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி, ஆவியாவது குறைவு. அங்குள்ளோர் நிழலையும், பெரிய தொட்டியையும், குறைந்த எண்ணிக்கையிலான மீன்களையும் அதிகம் நம்ப வேண்டும்.

தொழுகை வேளைகளே கால அட்டவணை

சுபுஹுக்குப் பின் தீனி போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். நீர் மாற்றுவதும் அவ்வேளையிலேயே. நண்பகலில் மாடித் தொட்டியின் நீர் கொதிக்கும், அதைத் திறந்துவிடாதீர்கள். குளோரின் கலந்த குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் வைத்திருந்து பயன்படுத்துங்கள். ஆழ்குழாய் நீரில் பிராணவாயு குறைவாதலால், உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றிய பின்பே சேர்க்க வேண்டும்.

லுஹருக்கு ஜன்னலின் வெயில்பக்கத் திரையை இழுத்துவிடுங்கள். அசருக்கு மீன்களை உற்றுப் பாருங்கள். மேலே வந்து திணறினால் தீனியை நிறுத்துங்கள். மின்சாரம் நின்றுபோனால், ஒரு குவளையால் தொட்டி நீரை அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல அதிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள். பிள்ளைகள் முறைவைத்துச் செய்யத்தக்க பணி இது.

ஆவியானது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த நீரை ஊற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். எடுத்த நீரை வீணாக்காமல் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்றுங்கள்; நல்ல உரம்.

எந்த மீனை வாங்குவது?

சிக்கனத்தின் முதற்படி உண்மையில் கடையிலேயே தொடங்குகிறது. தங்கமீன் சீனத்துக் கெண்டை இனத்தில் தோன்றியது. குளிர்ந்த நீரே அதற்கு இதம். நம் சித்திரைக்கு அது ஏற்றதன்று.

மேட்டூர் அணை ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படுவது வழக்கம். இடைப்பட்ட கோடையில் டெல்டாவின் வாய்க்கால்கள் வற்றிக் குட்டைகளாகின்றன. அக்குட்டைகளின் சூடான சேற்று நீரிலும் பிழைத்திருக்கும் மீன்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பனையேறிக் கெண்டை. 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரரான தால்டார்ஃப் என்பவர், இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் அச்சாயிற்று. செவுளுக்கு மேலுள்ள ஒரு சிறப்பு உறுப்பால் வெளிக்காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் ஆற்றலை வல்ல இறைவன் அதற்கு அருளியுள்ளான்.

கடைகளில் கிடைக்கும் கௌராமியும் ஃபைட்டர் மீனும் அதே வகை உறுப்பைப் பெற்றவை. வெப்பநாட்டு நீரில் பழகிய கப்பியும் மோலியும் தங்கமீனைவிட நம் வெயிலைத் தாங்குவன. ஆண் ஃபைட்டர்களை மட்டும் ஒரே தொட்டியில் இரண்டாக விடாதீர்கள். ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும். வளர்க்க இயலாத மீனை வாய்க்காலில் விட்டுவிடுவதும் தவறு. அயல்நாட்டு மீன் பெருகினால், நம் கெண்டைக்கும் அயிரைக்கும் அதுவே வினையாகும்.

பிள்ளைகள் கற்கும் பாடம்

சகோதரிகளே! தொட்டி வாங்கித் தரும் முன் பிள்ளைகளிடம் ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: கோடையில் விளையாட்டுக்கு முன் மீன்களைப் பார்த்துவிட்டுப் போவேன் என்று. அதை நிறைவேற்றும் பிள்ளை, வாயில்லா உயிரின் தவிப்பை அறியப் பழகுகிறது. நாளை வயோதிகத்தில் நாம் சொல்லாமலே நம் தாகத்தையும் அறிந்துகொள்ளும், இன்ஷா அல்லாஹ். அவ்வளவு பொறுப்பேற்க இவ்வாண்டு இயலாதெனில், தொட்டியை வாங்காதிருப்பதும் இரக்கமே.