வழி கேட்டால் ஆட்டம் குளோஸ்! பட்டாளத்துப் பாடம் பந்தயமான கதை

சேலம் புது பஸ் நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர் முதலில் என்ன செய்வார்? டீக்கடைப் பக்கம் போய், "ஏனுங்க, அஞ்சு ரோட்டுக்கு எப்படிப் போறதுங்க?" என்று கேட்பார். கடைக்காரரும் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே தலையை ஆட்டித் திசை சொல்வார்.

ஆனால் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் அடுத்தவரிடம் வழி கேட்டால் ஆட்டம் குளோஸ்!

ஒரு கையில் மேப். மறு கையில் திசைகாட்டி. முன்பின் பார்த்திராத காடு. உள்ளே அங்கங்கே வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கொடிகள். மேப்பில் குறித்த வரிசைப்படி ஒவ்வொரு கொடியாகத் தேடிப்பிடித்து, போனதற்கு அடையாளம் பதித்துக்கொண்டு, சீக்கிரம் வந்து சேருகிறவருக்கு வெற்றி.

எந்தப் பக்கமாகப் போவது என்பது அவரவர் பாடு. மேடேறிக் குறுக்கே பாயலாம். ஒற்றையடிப் பாதையில் சுற்றியும் ஓடலாம். காலில் வேகம் இருந்து தலையில் கணக்கு இல்லை என்றால், காட்டையே சுற்றிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்!

இதற்கு ஓரியன்டியரிங் என்று பெயர். நாம் திசையறி ஓட்டம் என்று சொல்வோம்.

8 பேர்தான்!

இது பிறந்த இடம் பட்டாளம். மேப்பும் திசைகாட்டியும் கொண்டு தெரியாத நிலத்தைக் கடப்பதற்கு 1886-ல் சுவீடன் ராணுவத்தார் வைத்த பெயர்தான் இது.

பொதுமக்களுக்கான முதல் பந்தயம் 1897 அக்டோபர் 31-ந் தேதி நார்வே நாட்டில், இன்றைய ஓஸ்லோ நகருக்குப் பக்கத்தில் நடந்தது. வந்தவர்கள் எத்தனை பேர்? எட்டே பேர்! தூரம் 19.5 கிலோமீட்டர். பெடர் ஃபோசம் என்பவர் 1 மணி 41 நிமிடம் 7 வினாடியில் முதலாவதாக வந்தார்.

அப்புறம் 20 வருஷத்துக்கு மேல் பெரிய பரபரப்பு இல்லை. மைதானத்தில் ஓட வரும் இளைஞர் கூட்டம் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக் கவலைப்பட்டார் சுவீடன் மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர். சாரணர் இயக்கத்திலும் இருந்தவர் அவர். 'வட்டம் சுற்றினால் பையன்களுக்குச் சலிப்புத்தானே வரும்? காட்டுக்குள் விடுவோம்' என்று முடிவு கட்டினார்.

1919 மார்ச் 25-ல் ஸ்டாக்ஹோம் பக்கம் அவர் நடத்திய பந்தயத்துக்கு 220 பேர் திரண்டார்கள். இந்த விளையாட்டின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

1930-களில் தட்டையான, விலை குறைந்த, பையன்களும் சுலபமாகப் பிடிக்கக்கூடிய திசைகாட்டி வந்தது. பின்னாளில் விளையாட்டு கிளப்புகளே பந்தயத்துக்கென்று தனி மேப் வரைந்தன. பாறை, ஓடை, வேலி, குழி எல்லாம் அதில் இருக்கும். 1961-ல் கோபன்ஹேகன் நகரில் 10 நாடுகள் கூடி உலக சம்மேளனம் அமைத்தன. 1966-ல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டியும் நடந்தது.

ஆக, ராணுவத்தார் கையில் இருந்த மேப் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தபிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது.

நம்ம ஊர்க் கதை

மேப் விஷயத்தில் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. இந்தியாவையே அளந்த பெரிய சர்வே, 1802-ல் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரி லாம்டன் தொடங்கியது. கன்னியாகுமரியில் இருந்து இமயமலை வரை அளந்த கோடு, ஏறத்தாழ 78-வது தீர்க்கரேகையை ஒட்டிப் போகிறது. சேலமும் நாமக்கல்லும் இருப்பது அந்தத் தீர்க்கரேகைப் பக்கம்தான்!

ஆனால் அளந்து போட்ட மேப் எல்லோர் கைக்கும் வரவில்லை. எல்லையோர, கடலோரப் பகுதிகளின் விரிவான மேப்புகளுக்குப் பல காலம் கட்டுப்பாடு. பாதுகாப்புதான் காரணம். 2005-ல் வந்த தேசிய மேப் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, மக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2017-ல் மக்கள் வரிசை மேப்புகளை இன்டர்நெட்டில் இலவசமாகத் தந்தார்கள்.

அந்த மேப்பில் அரை கிலோமீட்டர் தூரம் வெறும் ஒரு சென்டிமீட்டர். பந்தயத்துக்கு அது போதாது. நுணுக்கமான மேப்பை நாமே வரைய வேண்டும். முன் அனுமதி வாங்காமலே இந்தியர்கள் மேப் தயாரிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. சுவீடன்காரனுக்கு என்றைக்கோ திறந்த கதவு, நமக்கு அன்றுதான் முழுசாகத் திறந்தது.

கஞ்சமலையில் ஜாக்கிரதை!

இடத்துக்கு நமக்கா பஞ்சம்? ஏற்காடு இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவோடு கொல்லிமலை இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் காட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கஞ்சமலைப் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. அங்கே பாறையில் காந்தத் தன்மை உள்ள இரும்புத்தாது கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட பாறைக்குப் பக்கத்தில் வைத்தால் திசைகாட்டியின் முள்ளே ஏமாந்துபோகும்! அங்கே முள்ளை மட்டும் நம்பாமல் மேப்பையும் மேட்டையும் ஓடையையும் ஒத்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான்.

என்.சி.சி. மாணவர்களுக்கு மேப் படிப்பது பாடமாகவே இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு? செல்போன் காட்டுகிற அம்புக்குறிதான் வழி. மலையில் சிக்னல் போய்விட்டால் தெற்கு எது, வடக்கு எது என்று முழிக்கிறார்கள்.

செலவு அதிகம் இல்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தைப் பிள்ளைகளே அடி அளந்து காகிதத்தில் வரையட்டும். வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ஸ்டாண்டு என்று பத்து இடத்தில் காகிதக் கொடி கட்டட்டும். விளையாட்டு வாத்தியார் விசில் ஊதினால் பந்தயம் ரெடி.

நார்வேயில் எட்டே பேரில் ஆரம்பித்தது. நம்ம ஊரில் எட்டுப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்களா?